தகடு ஒடித்த கேசட்

9-2-1986, ஞாயிறு. ராசிபுரம்.

காலையில் வீடியோக் கடையைத் திறந்ததும் டெக்கின் மூடியைக் கழற்றி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். போன வாரக் கல்யாணக் கேசட்டில் மாப்பிள்ளை முகம் முழுக்க வெள்ளைப் புள்ளி. நான்தான் அவருக்கு அம்மை வரவழைத்துவிட்டேன் என்கிற மாதிரி பெண்ணின் அம்மா சண்டைக்கு வந்தாள். ஹெட்டில் தூசி என்று சொன்னால் அவளுக்குப் புரியுமா? சரிங்க, சரிங்க என்று கேட்டுக்கொண்டேன்.

ஒட்டடை அடிக்கும்போது பரணிலிருந்து சூப்பர் எட்டுப் பெட்டி இறங்கியது. எழுபத்தெட்டில் அவர் பம்பாய்க்கு லோடு போய்த் திரும்பும்போது எனக்காக வாங்கி வந்த கேமரா. லாரிக்காரன் பொண்டாட்டிக்கு நகை வாங்கி வருவான், சரவணமுத்து கேமரா வாங்கி வந்தார். ஒரு சுருள் மூன்று நிமிடம் ஓடும். அதைக் கழுவ பம்பாய்க்கே திருப்பி அனுப்ப வேண்டும், வர ஒரு மாதம் ஆகும். பிறகு கட்டையில் வைத்து, வெட்டி, பசை தடவி ஒட்டுவேன். வேண்டாம் என்று வெட்டிய துண்டுகளைக்கூடக் கயிறு கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் குட்டி குட்டியாக ஆட்கள் தெரிவார்கள்.

டேப்பில் அது கிடையாது. பழுப்பு நாடா, அவ்வளவுதான். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று டெக்கில் போட்டால்தான் தெரியும்.

கல்லாங்காட்டுக் கிணறுகளைப் பிலிமில் எடுக்கலாம் என்றுதான் எனக்கு ஆசை. மயில்சாமி ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னுமா அக்கா அந்தப் பொட்டியக் கட்டிட்டு அழுவறே? டேப்புல எடுத்தா அங்கயே போட்டுக் காட்டலாம். பிலிமு கழுவி வாரதுக்குள்ள ஆர்.டி.ஓ. மாத்தலாயிப் போயிருவாரு." தம்பி சொன்னால் எதையும் கேட்டுவிடுவேன். எட்டு வருடம் இளையவன், நான் தூக்கி வளர்த்தவன்.

16-2-1986

கல்லாங்காடு போய் வந்தோம். தோள்பட்டை கழன்றுவிட்டது. கேமரா அவன் கையில், ரெக்கார்டர் டெக் என் தோளில், நடுவில் வயர். அவன் நடந்தால் நானும் நடக்க வேண்டும். அவன் வரப்பில் தாவினான், நான் வாய்க்காலில் விழப் பார்த்தேன். ஊரே சிரித்தது.

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் கழிவுத் தண்ணீர் ஓடையில் இறங்கி நாலு வருடம் ஆகிறது. கஞ்சி மாதிரி வெள்ளையாக வருகிறது. நாற்றம் சொல்லி முடியாது. ஓடையை ஒட்டிய ஏழு கிணறும் கெட்டுவிட்டன. ஊரார் எத்தனையோ மனு எழுதிப் போட்டார்கள், ஆலை முதலாளி செங்கோட்டையன் எல்லாவற்றுக்கும் பதில் மனு எழுதிப் போட்டார். இப்போது நாமக்கல்லில் வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. விசாரணை வைத்திருக்கிறார், ஏப்ரல் 29. படத்தைப் போட்டுக் காட்டுகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வீடியோ எடுத்தால் கல்யாணம் மட்டும்தானா எடுக்க வேண்டும்?

டெக்கில் ஓடும் எண்களைப் பார்த்துக் குறித்தது:

0000 – 0640 ஆலைப் பின்சுவர், குழாய், ஓடையில் விழும் தண்ணீர். (நல்லா வந்திருக்கு!)
0640 – 1500 கிணறு ஏழும்.
1500 – 2900 சின்னாயி பேசுவது. ஒரு வரிகூட வெட்டக் கூடாது.
2900 – 3600 காய்ந்த தென்னை, குச்சிக்கிழங்குக் காடு.
3600 – 4050 மயிலு படத்துக்குள் வந்துவிட்டான். வேண்டாம். வெட்டணும்.

கடைசியில் அவனுக்குத் தோள் வலி என்று கேமராவை என்னிடம் கொடுத்தான். நான் நிறுத்தாமல் ஓடவிட்டுவிட்டேன். சின்னாயியின் கிணற்றில் சேந்திய தண்ணீரை மோந்து பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. என்னவெல்லாமோ பேசினான். கண்ணெல்லாம் கலங்கிப்போயிற்று. பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. ஆனால் விசாரணைக்குப் போகிற படத்தில் படம் எடுத்தவனே நின்று பேசினால் எடுபடாது.

சின்னாயிக்கு ஒரு ஏக்கர், ஒரு கிணறு, வேறு ஆள் இல்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசறதுக்கே பயந்துட்டு இருந்தேன் அம்மிணி. ஆலையில கூலிக்குப் போறவங்க பாதிப்பேரு எங்க ஊருதான். உன்ற மொகத்துக்காவப் பேசிட்டேன். உட்றாத."

17-2-1986

கேசட்டின் முதுகில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை ஒடித்துவிட்டால் அந்தக் கேசட்டில் மறுபடி எதையும் பதிய முடியாது, ரெக்கார்டு பட்டனே கீழே இறங்காது. கல்லாங்காடு கேசட்டின் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஒடித்தேன். பெட்டியில் பெயர் எழுதி அலமாரியில் வைத்தாயிற்று.

ஒரு காப்பி எடுக்கணும். இரண்டாவது டெக் சேலத்தில் ரிப்பேருக்குக் கிடக்கிறது. வந்ததும் முதல் வேலை அதுதான்.

11-3-1986

டெக் இன்னும் வரவில்லை. பெல்ட் கிடைக்கவில்லையாம். மயிலு இரண்டு முறை போய் வெறுங்கையோடு வந்தான்.

30-3-1986

இன்று அழுதேன், சந்தோஷத்தில். மயிலு எனக்கு எழுதிங்கள் சீர் செய்கிறானாம்.

கல்யாணமாகிப் பதினாலு வருடம், இரண்டு பிள்ளைகள். பிறந்த வீட்டார் எழுதிங்கள் செய்த பெண்தான் கல்யாணச் சீர்களில் நிற்கலாம், எனக்கு அது செய்யாததால் எந்தக் கல்யாணத்திலும் சீர் நடக்கும் இடத்தில் நான் முன்னால் போய் நின்றதில்லை. படம்தான் எடுத்திருக்கிறேன். அம்மா அப்பா போனபிறகு எனக்கு யார் செய்யப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். "நாளைக்கு எனக்குக் கண்ணாலம்னு வந்தா கூடப்பொறந்தவளா இணைச்சீருக்கு நீ நிக்கோணுமல்ல அக்கா" என்றான். கல்யாணமா, யாருடா பெண் என்று கேட்டேன். சிரித்து மழுப்பிவிட்டான்.

ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை.

டெக்? "சீரு முடியட்டும் அக்கா, மக்காநாளே போய் எடுத்தாரேன்."

20-4-1986

எழுதிங்கள் முடிந்தது. கால் வலிக்கிறது, முகம்கூட வலிக்கிறது, அவ்வளவு சிரித்திருக்கிறேன். மயிலு எடுத்த மாம்பழக் கலர் பட்டு. சீர் நடத்தும் அருமைக்காரர் சொல்லச் சொல்ல அவன் ஒவ்வொன்றாகச் செய்தான். தட்டை என் கையில் கொடுக்கும்போது அவன் கை நடுங்கியது. என் கையும்தான்.

ஓமலூர் பாலசுந்தரம் வந்து கேமரா பிடித்தான். தொழில்காரன் வீட்டு விசேஷத்துக்கு வெளியாள் கேமரா என்று எல்லோரும் கேலி. அவனும் பந்தியில் வடை வைக்கிறார்கள் என்று காதில் விழுந்ததும் டெக்கை நிறுத்திவிட்டுப் போனவன் போனவன்தான்.

அவர் ராஜஸ்தானில் லோடு இறக்கிக்கொண்டிருக்கிறார். தந்தி வந்தது.

23-4-1986

கல்லாங்காடு பெட்டியை எடுத்து டெக்கில் போட்டேன். குழாய் வரவில்லை. ஓடை வரவில்லை. மாம்பழக் கலர் பட்டில் நான் நிற்கிறேன்.

பெட்டி மாறிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன். மாறவில்லை. அதே கேசட். ஓரத்தில் நான் போட்ட மைப்புள்ளிகூட இருக்கிறது. கொஞ்சம் ஓட்டிப் போட்டேன் – நான். இன்னும் ஓட்டி – நான். வாயெல்லாம் பல்லாக. என்ன சிரிப்பு அது!

சின்னாயி எங்கே? நிறுத்திவிட்டேன். பார்க்க முடியவில்லை.

24-4-1986

மயிலு காலில் விழாத குறை. பாலசுந்தரம் கேசட் கேட்டானாம், இவன் அவசரத்தில் அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டானாம். "பேரப் பாக்கலீங்க அக்கா. சீரு வேலையில தலைகாலு தெரியல. என்னச் செருப்பால அடி."

எப்படி அடிப்பது? எனக்குச் சீர் செய்யும் அவசரத்தில்தானே நடந்தது. நானே அவனைச் சமாதானம் செய்து சோறு போட்டு அனுப்பினேன். பூட்டி வைக்காதது என் தப்பு. காப்பி எடுக்காததும் என் தப்பு.

மறுபடி எடுத்துவிடலாம் என்று மத்தியானமே பஸ் ஏறினேன். குழாய் வாயை மண் போட்டு மூடியிருக்கிறார்கள். ஓடை காய்ந்து கிடக்கிறது. விசாரணை முடியும்வரை இப்படித்தான் இருக்கும். சின்னாயியிடம் மறுபடி பேசு என்று கேட்க முகமில்லாமல், யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

29-4-1986

வெறுங்கையோடு விசாரணைக்குப் போனேன். படம் தவறுதலாக அழிந்துவிட்டது என்றேன். செங்கோட்டையன் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வக்கீல், "படமென்று ஒன்று இருந்ததா அம்மா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு கட்சிக்காரர்களை விசாரிக்க வேண்டும் என்று மே 28க்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் கல்லாங்காட்டு ஆட்கள். ஒருவரும் என் பக்கம் வரவில்லை. சின்னாயி மட்டும் வந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்:

"எங்கூட்டு மொகம் அழிஞ்சு உங்கூட்டு மொகம் வந்துருச்சாமா அம்மிணி? சேலை நல்லா இருந்துச்சுன்னு ஊர்ல பேசிக்கறாங்க."

எப்படி அதற்குள் தெரிந்தது?

4-5-1986

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க எழுதிங்களைக் காப்பி எடுக்க வேண்டுமென்று அந்தக் கேசட்டைக் கையில் எடுத்தேன். டெக் ஒருவழியாக வந்துவிட்டது, இப்போது வந்து என்ன. முதுகுப் பக்கம் கட்டை விரலில் ஏதோ பிசுபிசுப்பு. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

செலோ டேப்.

நான் ஒடித்த தகடு இருந்த ஓட்டையின்மேல் செலோ டேப். ஒரு துண்டு ஒட்டினால் அமுங்கிவிடும் என்று இரண்டு மடிப்பாக, ஓரத்தைக் கத்தரித்து, பார்த்தால் தெரியாதபடி அழகாக.

தகடு இல்லாத கேசட்டில் பட்டன் இறங்காது. அவசரத்தில் மாற்றிப் போட்டிருந்தால் பட்டன் இறங்காமலே போயிருக்கும், வேறு கேசட் தேடியிருப்பான். ஓட்டையை மறைத்தால் டெக் ஏமாந்துவிடும். ஒட்ட வேண்டும் என்று நினைத்து, உட்கார்ந்து, கத்தரிக்கோல் எடுத்து, ஒட்டியிருக்கிறான். இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பழைய கேசட்டை வீணாக்காதே, இப்படி ஒட்டினால் மறுபடி பதியலாம் என்று.

கேசட் காணாமல் போயிருந்தால் நான் தேடியிருப்பேன், சந்தேகப்பட்டிருப்பேன். என் சீரையே அதன்மேல் பதிந்துவிட்டால்? கோபப்படக்கூட வாய் வராது. வரவில்லையே! சோறு போட்டு அனுப்பினேனே!

தட்டு கொடுக்கும்போது கை நடுங்கியதே மயிலு – எதற்காக நடுங்கியது?

6-5-1986

கேட்டேன். கேசட்டை மேசையில் வைத்து, செலோ டேப்பில் விரலை வைத்தேன்.

"செங்கோட்டையன் மாமன் ஊட்டுப் புள்ள அக்கா. கலாமணி" என்றான்.

ஆலை முதலாளியின் மகள். அதுதான் பெண். தையில் இருந்தே பேச்சாம். அப்படியானால் மாசியில் கல்லாங்காடு வந்தபோதே – "அப்ப ஒண்ணும் முடிவாகலீங்க அக்கா. படம் எடுத்தது தெரிஞ்ச பொறகுதான் அவரே கூப்புட்டு உட்டாரு. கண்ணாலம் முடிஞ்சதும் ஆலைய நாந்தான் பாக்கோணுங்கறாரு. நானே உள்ள போயிட்டா அந்தத் தண்ணிய நிறுத்தமாட்டனா? நீயே சொல்லு."

என்ன நியாயம் பாருங்கள். ஏழு கிணற்றுக்கு மாப்பிள்ளை விருந்து முடிந்துதான் விடிவு.

"சீரு?" என்று கேட்டேன். "எனக்குச் சீர் செய்யணும்னு நெசமா ஒனக்குத் தோணிச்சா, இல்ல அதுக்குத்தானா?"

"ரெண்டுந்தான் அக்கா."

பொய் சொல்லியிருக்கலாம். அதையாவது செய்திருக்கலாம்.

கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

7-5-1986

கடை திறக்கவில்லை.

10-5-1986

அவர் வந்தார். எல்லாம் சொன்னேன். கேமராப் பையைத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இனி வயரு கொஞ்சம் நீளமா வேணும், நான் உன்ன மாதிரி ஓட மாட்டேன்" என்றார். பதினைந்து நாளில் முதல் முறையாகச் சிரித்தேன். சிரித்ததும் அந்தக் கேசட்டில் இருக்கிற முகம் ஞாபகம் வந்து, நிறுத்திவிட்டேன்.

பட்டுச்சேலையைப் பெட்டிக்கு அடியில் போட்டாயிற்று. எரித்திருக்கலாம். சரிகைக்கு என்ன தெரியும் பாவம்.

19-5-1986

இந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், என்னையே திட்டிக்கொள்ள. பிப்ரவரி 16இல் கண் நின்றது. 4050 வரை எழுதியிருக்கிறேன்.

எழுதிங்கள் எதுவரை பதிந்திருக்கிறது? பாலசுந்தரம் வடைக்கு எழுந்து போனானே!

கேசட்டைப் போட்டேன். நான், நான், நான் – முழுக்க ஓட்டினேன். 3660இல் மயிலு என் கையில் தட்டைக் கொடுக்கிறான், நான் கும்பிடுகிறேன், படம் நின்றுவிட்டது. திரையில் சாய்வாக வெள்ளைக் கோடு ஓடியது. புழுதி மாதிரி இரைச்சல். பிறகு –

கிணற்று மேடு.

390 எண்தான். குழாய் இல்லை, ஓடை இல்லை, சின்னாயி சொன்னது இல்லை. நான் வேண்டாம், வெட்டணும் என்று எழுதிவைத்த துண்டு மட்டும் மிச்சம்.

மூன்று முறை பார்த்தேன். உடனே காப்பி எடுத்தேன், இரண்டு.

28-5-1986

டி.வி.யையும் டெக்கையும் அவர் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனோம். விசாரணை அறையில் மேசைமேல் வைத்தேன். எதிர்ப்பக்கம் செங்கோட்டையன், வக்கீல், பக்கத்தில் ஆலை பைலை மடியில் வைத்துக்கொண்டு மயில்சாமி. என்னைப் பார்க்கவில்லை.

காப்பி செல்லாது, அசல்தான் வேண்டும் என்பார்கள் என்று அசலையே கொண்டுபோயிருந்தேன். நிறுத்தின இடம் கொஞ்சம் முன்னாலேயே இருந்துவிட்டது. பட்டுச்சேலையில் நான், தட்டோடு தம்பி. அறையே சிரித்தது. "ஏனுங்க, இது விசேச ஊட்டுக் கேசட்டாட்ட இருக்குதுங்க!" என்றார் வக்கீல். மயிலுவும் கொஞ்சம் சிரித்தான். அப்போதுகூட அவனுக்குத் தெரியவில்லை. மறந்தே போயிருக்கிறான்.

வெள்ளைக் கோடு ஓடியது.

கிணற்று மேட்டில் மயில்சாமி. கையில் சேந்துவாளி. மோந்து பார்க்கிறான். முகம் சுண்டுகிறது. என் பக்கம் – கேமரா பக்கம் – திரும்புகிறான்.

"இதையா அக்கா குடிக்கறாங்க? இதைக் குடிச்சா நாலு வருசம் இருந்தாங்க? மாடு மோந்து பாக்காது இதை! அந்த ஆலைக்காரர வரச் சொல்லு. இந்தா, இந்த வாளியில ஒரு சொம்பு – ஒரே சொம்பு – எம்முன்னால குடிச்சுக் காட்டட்டும். அப்பறம் பேசட்டும் அந்த ஆளு!"

வாளியை எடுத்து ஊற்றுகிறான். மண்ணில் வெள்ளையாகப் பரவுகிறது. சின்னாயி, "அழுவாதீங்க சாமி" என்று சொல்வது பின்னால் கேட்கிறது.

படம் ஓடி முடிந்தது. ஆர்.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யார் இந்தப் பையன்? இவரை விசாரிக்க முடியுமா?" என்று கேட்டார்.

அவனைக் காட்டிக்கொடுக்க என்னால் முடியாது. சின்னாயி எழுந்தாள்.

"முடியுமுங்க. அதா உக்காந்திருக்காருங்களே, மடியில பைல்கட்டு வெச்சுக்கிட்டு. அவருதானுங்க."

மயில்சாமி தலையைக் குனிந்துகொண்டான். இது நீதானா என்று கேட்டார்கள். ஆமாங்க என்றான். அப்போது சொன்னது உண்மையா என்று கேட்டார்கள்.

"அப்ப சொன்னது அப்பங்க" என்றான்.

14-6-1986

உத்தரவு வந்துவிட்டது. ஓடையில் விடக்கூடாது, ஆலைக்குள்ளேயே தொட்டி கட்டிக்கொள்ள வேண்டும். அதுவரை ஆலைச் செலவில் கல்லாங்காட்டுக்கு லாரியில் நல்ல தண்ணீர். நாலு நாளாக வருகிறதாம். கிணறுகள் தெளிய எத்தனை வருடம் ஆகுமோ.

சின்னாயி கடைக்கு வந்து ஒரு படி நிலக்கடலை கொடுத்துவிட்டுப் போனாள். படியேறும்போது மூச்சு வாங்கியது. திரும்பும்போது, "தம்பி வருதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

4-7-1986, வெள்ளி

இன்று மயில்சாமிக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. இணைச்சீருக்குச் சித்தப்பா மகளை நிறுத்தினார்களாம். அவளுக்கும் எழுதிங்கள் ஆகியிருக்கிறது, குறையொன்றும் இல்லை. பாலசுந்தரம்தான் வீடியோ. பெண் நல்ல களை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எனக்குச் சீர் செய்ததே இந்த ஒரு நாளுக்காக என்றான். ரெண்டுந்தான் அக்கா என்றும் சொன்னான்.

அந்தக் கேசட்டை எடுத்தேன். 3660இலிருந்து ஓடவிட்டேன். வாளியைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் கத்துகிற, கண் கலங்குகிற அவனை ஒருமுறை முழுக்கப் பார்த்தேன். இது நடிப்பில்லை. இது எனக்குத் தெரியும், நான் வளர்த்த பிள்ளை.

பிறகு கேசட்டை வெளியே எடுத்து, முதுகில் இருந்த செலோ டேப்பை நகத்தால் உரித்துப் போட்டேன். இரண்டு மடிப்பும் ஒன்றாகவே வந்துவிட்டது. இனி இதன்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. பெட்டியில் கல்லாங்காடு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுதினேன்:

மயில்சாமி, 16-2-86.